ஆறு மெயிலும் ஒரு படி சாமையும்

— அப்ப நாங்க அனுப்புன ஆறு மெயிலும் குப்பைக்கா போச்சு, ரேணுகா மேடம்?

— குப்பைன்னு சொல்லாதீங்க தேவயானிம்மா. ஸ்பாம்னு ஒரு பெட்டி. காசு கட்டாத இலவச அக்கவுண்ட்ல இருந்து பிசினஸ் மெயில் வந்தா, எங்க கம்பெனி கம்ப்யூட்டர் ஏமாத்துக்காரங்கன்னு நினைச்சு அதுவே ஒதுக்கிடும். ஆக்சுவலா இதுல யார் தப்பும் இல்ல.

— மெஷினு நம்மள திருடிங்கன்னு நெனச்சிச்சாம்! கேட்டியாடி நதியா?

— கேட்டுனுதான்க்கா நிக்கிறேன்.

— அந்தப் பெட்டியத் தொறந்து பாக்கக் கூடவா ஒங்க ஆபீசுல ஆளு இல்ல?

— தினமும் நூத்துக்கணக்குல விழும்மா. முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். உங்க மெயில் ஒண்ணைக் கூட நான் கண்ணால பாக்கல. போன வாரம்தான், ஜவ்வாது மலை சங்கத்துல இருந்து ஏன் எதுவுமே வரலைன்னு கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல கேட்டேன். விஷயம் தெரிஞ்சதும் கிளம்பி வந்துட்டேன்.

— ஆபீசுக்குப் போன் போட்டோமே. எதுவா இருந்தாலும் மெயில்ல போடுங்கன்னு ஒரு பொண்ணு சொல்ட்டு வச்சிடுச்சு.

— அது கம்பெனி ரூல்மா. எல்லாம் எழுத்துல இருக்கணும்.

— ரூலு! ஐப்பசியில சாமைக்கு வெல பேச மலையேறி வந்து எங்க வூட்ல சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும் துன்னீங்களே, அப்ப எந்த ரூலு இருந்துது? மொத படி சாமைய ஒங்க மடியில கொட்டுனேன். மொத படி வாங்குனவங்க வேணாம்னு வாயத் தொறந்து சொல்ற வரைக்கும், எங்க ஊர்ல அடுத்தவனுக்கு அளக்க மாட்டோம். செங்கத்து யாவாரி தனசேகரன் மூணு வாட்டி வண்டி கொண்டாந்தாரு. மூணு வாட்டியும் வெறும் வண்டிதான் மலை எறங்குச்சு. நாப்பது வூட்டு சாமை, எம் பேச்ச நம்பி சமுதாயக் கூடத்துல அடுக்கிக் கெடக்குது.

— அந்த வழக்கம் எனக்குத் தெரியும்மா. அப்பவே சொன்னீங்களே.

— நாலு மாசம்! தண்ணி பிடிக்கப் போனா கூட, ஒங்க மெட்ராஸ் மேடம் இன்னா ஆனாங்கன்றாளுங்க. முனியம்மா மவ பீசு கட்டக் காசில்லாம காலேஜிய பாதியில வுட்டுட்டு வந்து வூட்ல குந்தினு கீது.

— சாரிம்மா. ரொம்ப கஷ்டமா இருக்கு.

— அத வுடுங்க. இந்தப் பொண்ண நான் இன்னா பண்ணேன் தெரியுமா? மெயிலு போட டவரு கெடைக்கிற ஆலங்காயத்துக்கு பஸ் ஏறிப் போய்ட்டு வந்து, "போட்டுட்டேன்க்கா"ன்னு சொல்லும். நான் நம்பல. செங்கத்துக்காரன் கிட்ட கை நீட்டிட்டு நம்மள ஏமாத்துதுன்னு, இந்த மாசப் பொறப்புல ஊரக் கூட்டினு போய், மாரியம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ண வச்சேன்.

— அத ஏன்க்கா வெளியாளு முன்னாடி...

— சொல்லணும்டி. தப்பு பண்ணவ நானு.

— செல்லுல காட்டுனேனேக்கா. அனுப்புன தேதி, மணி, எல்லாம் இருந்துது. அதுவும் பொய்யின்னீங்க. ஊரு ஆயிரம் பேசட்டும், நீங்க ஒருத்தர் நம்பி இருந்தீங்கன்னா எனக்குப் போதும்.

— என்ன செருப்பால அடிடி.

— ப்ளீஸ், விடுங்கம்மா. தப்பெல்லாம் அந்த இலவச அக்கவுண்ட் மேலதான். நதியா, இனிமே சங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு முகவரி வாங்கிடுங்க. வருஷத்துக்குக் கொஞ்சம் பணம் கட்டணும், அவ்ளோதான்.

— இத ஐப்பசியிலயே சொல்லி இருக்கலாமே மேடம். ஒங்க டைரியில எங்க மெயில் முகவரிய நான்தான எழுதிக் குடுத்தேன்? பாத்துட்டு சரின்னு தலையாட்டுனீங்க.

— அப்ப தோணலைம்மா. சரி, ஆக வேண்டியதப் பாப்போம். மார்க்கெட் இறங்கிடுச்சு, பேசின விலை கிடைக்காது. பாதின்னா மேலிடத்துல பேசி நான் வாங்கித் தர்றேன்.

— பாதியா!

— பழைய சரக்கும்மா. மாசி முடியப் போகுது. இன்னும் வெச்சிருந்தா வண்டு விழும். செங்கத்துக்காரரும் இனிமே வர மாட்டார்.

— வர மாட்டாருதான். எம் மேல அவருக்கு அத்தினி கோவம். இன்னா பண்றது... ஏத்திக்குங்க. மெஷினு பண்ண வேலைக்கு ஒங்க மேல குத்தம் சொல்லி இன்னா ஆவப் போவுது? நீங்களாவது தேடினு வந்தீங்களே, அது போதும்.

— தேங்க்ஸ்மா. நாளைக்குக் காலைல லாரி வந்துடும். மழையில நனைஞ்ச ஏழு மூட்டைய மட்டும் தனியா எடுத்து வெச்சிடுங்க, மத்ததை ஏத்திடலாம்.

— எந்த ஏழு மூட்டை?

— அதான்மா... தை மாசம், கூடத்துல ஓடு ஒழுகி...

— அக்கா...

— இருடி நதியா. மேடம், அந்த ஏழும் எங்க வூட்டு மூட்டை. ஊரு பயந்துடும்னு நானும் இவளும் கதவ சாத்தினு உள்ளயே காயவச்சு எடுத்தோம். எம் புருசனுக்குக் கூட தெரியாது. சோறு துன்ன மனுசிக்கு மறைக்கக் கூடாதுன்னு, ஆறாவது மெயில்ல ஒங்க ஒருத்திக்குத்தான் எழுதச் சொன்னேன்.