மொட்டை மாடிக்கு செக்கிங்

காதர்பேட்டையில் பஸ் நகராமல் நின்றது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் பனியன் கம்பெனி அடையாள அட்டை. இளையவள் சொன்னதைக் கேட்டதும் நான் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

"இன்னைக்கு எங்க கம்பெனி மொட்டை மாடிய செக்கிங் பண்ணுனேனுங்கக்கா."

"மாடியையா?"

"மழை பெஞ்சா நான் பனியன் செக்கிங் பண்ற மேசை மேலதான் ஒழுகுமுங்க. வெள்ளை பனியனெல்லாம் கறையாயிரும். அதான் மாடி பூரா தார் ஷீட்டைத் தீயில உருக்கி ஒட்டுனாங்க. 'நீயே போயிப் பாரு கண்ணு'ன்னாரு ஓனரு. பார்த்தா, ஓரமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குது. பனியன்ல துணி அப்படி ஏறியிருந்தா டேமேஜுதானுங்க. அத்தனைக்கும் டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

"அய்யோ!"

"ஷீட்டு ஒட்டுன அண்ணன் சிரிக்கறாருங்க. 'அப்படி ஏறுனாத்தான் அம்மணி தண்ணி எறங்காதுங்க'ன்னு சொல்லி, மாடி நெறையத் தண்ணியக் கட்டிட்டாரு. நான் சாயங்காலம் வரைக்கும் கீழ அண்ணாந்து பார்த்துட்டேதான் வேலை செஞ்சேன்."

"ஒழுகுச்சா?"

"ஒரு சொட்டு இல்லீங்கக்கா. கெளம்பறப்ப மேல போயி, அந்தண்ணன் சட்டையில 'பாஸ்' ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்துட்டேன்."