சொட்டுச் சொட்டாகப் பழக்கும் முறை

கடல்நீர்த் தொட்டியில் கல் பவளம் வளர்ப்பவனுக்குக் கை துறுதுறுவென்று இருக்கக் கூடாது. சும்மா உட்காரத் தெரிய வேண்டும். உப்போ சூடோ வெளிச்சமோ, எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் பவளத்துக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். புதிதாக வாங்கி வந்ததை அப்படியே தொட்டியில் போட்டால் செத்துவிடும். மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நம் தொட்டித் தண்ணீரை அது வந்த பைக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீர் மாறியதே அதற்குத் தெரியக் கூடாது. இதைப் புரிந்துகொண்டால், ஐயா, மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபம்.

அண்ணன் மூச்சு முட்டிப்போய்த்தான் என் வீட்டுக்கு வந்தார். கல்குவாரியில் துளை போட்டவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். அவர் நுரையீரலில் படிந்த தூளில் பாதி எனக்காகப் படிந்தது. நான் அதை மறக்கிறவன் இல்லை. கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுக் கொடுத்தேன். ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றும், அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் அண்ணியோடு வந்தன.

"நான் ஆயுசு முழுக்கக் கல்லை ஒடச்சேன். இவன் கல்லுக்குச் சோறு ஊட்டுறான்" என்பார் அண்ணன்.

"எனக்கு ஒரு வாய் ஊட்டச் சொல்லுங்க மாமா, பார்ப்போம்" என்பாள் என் மனைவி.

அந்த மாதம் தெருவில் மின்கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள். பகலில் சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போகும். வீட்டில் இருந்த இன்வெர்ட்டர் தொட்டிக்கென்று வாங்கியது. அண்ணி இயந்திரத்தையும் அதிலேயே செருகிவிட்டார். இரண்டையும் அதனால் இழுக்க முடியவில்லை. மின்சாரம் திரும்புவதற்குள் படுத்துவிட்டது. அண்ணன் சிலிண்டரில் சமாளித்தார். தொட்டிக்கு ஏது சிலிண்டர். அலை மோட்டார் நின்று, வருடக்கணக்காக நான் வளர்த்த கிளைப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துப்போனது.

"இன்னொரு பேட்டரி வாங்கித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. வாங்கலாம். ஆனால் அண்ணன் அடுத்த வருடம் தாண்ட மாட்டார் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஆகவே அண்ணனைப் பழக்கினேன்.

இயந்திரத்தின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே சின்ன உருண்டை மிதக்கும். திருகைத் திருப்பினால் உருண்டை இறங்கும், ஆக்சிஜன் குறையும். அண்ணி குளிக்கப் போகும்போது தினமும் ஒரு மயிரிழை குறைப்பேன். அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. உருண்டை எங்கே நிற்க வேண்டும் என்பதை அண்ணி என்னிடம்தான் கேட்டுக்கொள்வார். குறைவாக இருக்கும்போதே பழகிவிட்டால், மின்சாரம் போகிற நேரத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்துகொள்வார் என்பது என் எண்ணம்.

"டேய், இன்னைக்குக் காத்து கம்மியா வருதுடா."

"புழுக்கம்ணே."

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அவர் உதட்டைப் பாருங்க. ஒரு மாதிரி நீலம் பூத்திருக்கு."

"புது எடம் அண்ணி. கொஞ்ச நாள் நிறம் மாறும். அப்புறம் தேறிடுவாரு."

பவளம் அப்படித்தான் தேறும். காதில் விழுந்திருக்க வேண்டும், அண்ணன் கட்டிலிலிருந்தே அதட்டினார்: "அவன் கை பட்டா கல்லே உசுரோட இருக்கு. எனக்கென்ன கேடு. சும்மா கெட."

அன்றைக்குக் காலையில் மின்சாரம் போனபோது அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். இயந்திரத்தை இன்வெர்ட்டரிலிருந்து பிடுங்கினேன். அது கூவத் தொடங்கியதும் பொத்தானை அணைத்தேன். சிலிண்டரைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். பாதியில் திறந்தால் இத்தனை நாள் பழக்கியது வீண். திடீரென்று மாற்றுவதுதான் ஐயா, கொல்லும்.

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். சிலிண்டரைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தேன். துழாவிய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம்ணே. பழகிடும்" என்றேன். தொட்டியில் அலை ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெளுத்த நுனிகளில் பழுப்பு நிறம் திரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் பழகியிருப்பார். அண்ணன்தான் அவசரப்பட்டுவிட்டார்.