ஒருத்தனும் விரலை ஆட்டலை

"இருபது நிமிஷம் ஊதுறான், ஒருத்தனும் விரலை ஆட்டலைய்யா!" என்றார் எனக்கு முன் இருக்கையில் நாயனத்தை மடியில் வைத்திருந்தவர். பாபநாசத்தில் கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, அவரும் தவில்காரரும் தஞ்சாவூர் பேருந்தில் ஏறியிருந்தார்கள்.

"யாருண்ணே?" என்றார் தவில்காரர்.

"சிங்கப்பூர்லேர்ந்து தம்பி மகன் ஒரு ஆல்பம் அனுப்பினான். ஜாஸாம், அமெரிக்காக்காரன் சங்கீதம். நான் பொறக்கறதுக்கு முந்தினது, நேத்துதான் கேட்டேன். சாக்ஸபோனை வச்சுக்கிட்டு ஒரே இடத்துல நின்னு நின்னு தேடுறான். யாரும் அவசரப்படுத்தலை. இங்க நான் தோடியை எடுத்து முழுசா ரெண்டு மூச்சு ஊதலை, பொண்ணோட மாமா விரலை ஆட்டி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'ங்கிறாரு!"

"தாலி கட்டுற நேரத்துல என்னண்ணே பண்றது?"

"இன்னைக்கு மூணு தடவை ஆட்டினாரு, தாலிக்கு ஒரு தடவைதான்யா. மிச்சம் ரெண்டு தடவை எவனோ தும்மினது காதுல விழக்கூடாதுன்னு!"

தவில்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"அந்த ஆல்பத்துல கூட்டம் இருக்காண்ணே?"

"இருக்கே. கைதட்டுறது நல்லா கேக்குது."

"யார் வீட்டுக் கல்யாணமாம்?"

நாயனக்காரர் போட்ட சத்தத்தில் ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார்.

"கல்யாணமே இல்லைய்யா! கேக்குறதுக்குன்னே வந்து உக்காந்திருக்காங்க!"