கடைசிக் கீற்று

தேவதாரு மரத்தை இழைக்கிற வீட்டில் பூச்சி அண்டாது, ஐயா. படகு கட்டிய காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு கரப்பான் கிடையாது. அந்த ஒரு நன்மையை மட்டும் என் மனைவி ஒப்புக்கொண்டாள்.

என் சகலை மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, நான் அவரைக் கொல்லப் பார்த்ததாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். அது சுத்தப் பொய். அதைத் திருத்தத்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

சகலையை எனக்குப் பிடிக்காது. அதில் ஒளிவுமறைவு இல்லை. மனைவியின் தங்கையைக் கட்டியவர் என்ற ஒரே உரிமையில் ஞாயிறு தவறாமல் வருவார், என் நாற்காலியில் உட்காருவார், என் வேலைக்கு யோசனை சொல்வார். தரை ஓடு விற்கிற வாய், சும்மா இருக்காது. கை அதற்கு நேர் எதிர். ஒருமுறை ஸ்டேப்ளர் துப்பாக்கியைக் கொடுத்து ஓரத்தில் நாலு பின் அடிக்கச் சொன்னேன். கோழி கிளறியது போல அடித்துவைத்தார். அவருக்கு ஒரு பின் நேராக அடிக்க வராது.

நான் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்ப்பவன். எங்களுக்கு ஒரு விதி உண்டு. குறையைக் கண்டால் சிவப்புச் சாக்கட்டியால் கோடு போட்டு, செய்தவனிடமே திருப்பி அனுப்ப வேண்டும். சோதிப்பவன் திருத்தக் கூடாது. யார் செய்த வேலையோ அவரே அதற்குப் பொறுப்பு. இந்த விதியில் பழகியவனுக்குக் கோபம் வருவதில்லை. எனக்கும் வராது.

படகைக் கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டினேன். கொட்டகையின் நீளம் போதவில்லை. அதனால் உள்கதவைக் கழற்றினேன். படகின் மூக்கு என் மனைவியின் தையல் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். துணி விரிக்க இடமில்லை என்று இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஒருநாள் படகின் மூக்கில் அவளுடைய அளவு நாடா தொங்கியது. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, படகில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். இத்தனை வருட வாழ்க்கையில் நான் அவளிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

சகலைக்கு இதெல்லாம் வேடிக்கை.

"அண்ணே, இதை வெளிய எடுக்கணும்னா வீட்டைத்தான் இடிக்கணும். பாத்து செய்ங்க, படகு பிடிக்கப் போயி பன்னித்தொட்டியா முடிஞ்சிடப் போகுது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்று எனக்கு வயிறு எரிந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படகைக் கவிழ்த்த நிலையில்தான் கட்டுவோம். அச்சுப் பலகைகளை வரிசையாக நிறுத்தி, விரலகல மரக்கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருபக்கமிருந்தும் மேலேறி வர வேண்டும். பசை காயும்வரை பின் அடித்துப் பிடிக்க வேண்டும், காய்ந்ததும் பின்னைப் பிடுங்கிவிட வேண்டும், துளை மட்டும் நிற்கும். கடைசியில் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி மிஞ்சும். அதற்குள் கச்சிதமாக உட்காரும்படி ஒரு கீற்றைச் சீவி இறக்குவதுதான் கடைசி வேலை. படகு கட்டுகிறவன் காத்திருப்பதே அந்த ஒரு நாளுக்குத்தான். நல்ல பலகையின் நடுவிலிருந்து அதற்கான கீற்றை முதலிலேயே அறுத்து, துணி சுற்றி வைத்திருந்தேன். தண்ணீருக்கு அசையாத பசையை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிறு தொழிற்சாலையில் அவசர வேலை. மாலை திரும்பி வந்தால், கீற்று இருந்த துணி தரையில் கிடந்தது. கீற்று படகில் இருந்தது.

என் மனைவி வாய் திறக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். சகலை முந்திக்கொண்டார்.

"நான்தான்ணே ஒட்டுனேன். உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு. கோவிச்சுக்காதீங்க."

"நல்லாருக்கு" என்றேன்.

உண்மையிலேயே நன்றாக இருந்தது. நகம் நுழைய இடமில்லை. நான் ஒட்டிய எந்தக் கீற்றும் அப்படிப் பொருந்தவில்லை என்பதை என் வாயால் சொல்கிறேன். பிதுங்கிக் காய்ந்திருந்த பசையை மட்டும் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். பால் போலக் கரைந்தது. காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசை.

அதனால் குடி முழுகிவிடாது. படகு முழுக்க உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணி போர்த்திப் பிசின் பூசுவோம். அந்தத் தோல் இருந்தால் தண்ணீர் மரத்தைத் தொடாது, உள்ளே என்ன பசை இருந்தாலும் கவலையில்லை. நான் துணியை இரண்டு பாதியாக வெட்டிப் போர்த்தினேன். அந்தக் கீற்றின்மேல் மட்டும் துணியும் இல்லை, பிசினும் இல்லை, மெல்லிய வார்னிஷ்தான். என் வேலைக்கு நான் பொறுப்பு. பிறர் வேலைக்கு நான் ஏன் போர்வை போர்த்த வேண்டும்? சிவப்புக் கோடு ஏன் போடவில்லை என்றால், வீடு தொழிற்சாலை இல்லையே.

படகைக் காரின்மேல் ஏற்றியபோது சகலைக்கு ஏக குஷி. "ஓடமும் ஒரு நாள் வண்டியில ஏறும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார். வழி நெடுக, நம்ம படகு, நாம கட்டுன படகு என்றே பேசிக்கொண்டு வந்தார். முதல் சவாரி தனக்குத்தான் என்றார். தாராளமாக என்றேன்.

ஏரிக்கரையில் அவள் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம்.

"முன்னால எடை இல்லைன்னா மூக்கு தூக்கிக்கும். நீயும் ஏறு" என்றேன்.

"நானா? படகுல கை வைக்கக் கூடாதுன்னீங்க?"

"கடைசிக் கீற்ற ஒட்டுனது யாரு?"

அவள் சகலையைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அதான் அவர் சொன்னாரே" என்றாள்.

"அப்ப ஏறு."

ஏறினாள். எனக்கு அவளைப் படகில் ஏற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான்தான் தள்ளிவிட்டேன். படகு ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் போனது. அந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஏரி நடுவுக்குப் போன பிறகு அவள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கால்ல தண்ணி படுதுங்க."

"துடுப்புல வழியிற தண்ணிதான். பயப்படாம உக்காரு" என்று சொன்னேன். அவளும் உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னால் கேட்பாள்.

இப்போது சகலையின் புகாருக்கு வருவோம். நான் ஒரே ஒரு மிதவைச் சட்டைதான் வாங்கியிருந்தேன். அதை அவருக்கு என் கையாலேயே மாட்டி, கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். அதனால்தான் அவர் இன்று படுக்கையில் உட்கார்ந்து பேசுகிறார். கொல்ல நினைக்கிறவன் அப்படிச் செய்வானா? இதை அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஏன் சட்டை இல்லை என்கிறீர்கள். அவர் செய்த தப்புக்கு அவளை ஏன் ஏற்றினாய் என்கிறீர்கள். அவர் ஒட்டினார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, ஐயா. எழுதியதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், அவர் அப்படிச் சொன்னார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவளை எடுத்த பிறகு படகையும் ஏரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கீற்றின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பின் துளைகள் திரைச்சீலைக்கு விளிம்பு மடித்தது போல ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி போகும். நான் அன்று மாலையே தடவிப் பார்த்துவிட்டேன்.

சகலைக்கு ஒரு பின் நேராக அடிக்க வராது என்று முதலிலேயே சொன்னேனே.