எதிரே மூன்று நாற்காலிகள்: லல்லா யம்னாவுக்கு வாசித்தளித்த மடல்

கண்டிப்பும் கனிவும் கைகோத்த கணித ஆசிரியையே! வாடைக்கும் வெயிலுக்கும் வளைந்து கொடுக்காமல் வகுப்பறையே வாழ்வென வாழ்ந்தவரே! நேர்காணல் என்ற சொல்லைக் கேட்டாலே நாக்கு உலர்ந்து நடுநடுங்கி நின்றவர்களை நிமிர்ந்து நடக்கவைத்து, நாற்காலியில் நேராக அமரவைத்து, நாலு ஊருக்கும் தலைமையாசிரியர்களாக அனுப்பிவைத்த நெஞ்சுரமே! அயின் தர்ஃபா பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர், எங்கள் அன்புக்குரிய லல்லா யம்னா அவர்களே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில் தங்கள் முன் நின்று இம்மடலை வாசித்தளிப்பதில் பெருமிதமும் பெருந்துயரமும் ஒருசேரக் கொள்கிறோம்!

இதற்கு மேல் அடுக்கினால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஜெல்லூல், முன்னுரை போதும், விஷயத்துக்கு வா" என்பீர்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிற மடலுக்குத் தொடக்கம் கனமாக இருக்க வேண்டும் என்று இத்தோ பிடிவாதம் பிடித்தார். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தேடிப் பிடித்துத் தந்தவர் கத்தூர். அரபி நடத்தும் நான், அறிவியல் நடத்தும் இத்தோ, பிரெஞ்சு நடத்தும் கத்தூர், இன்றைய ஆசிரியர் குழு இவ்வளவுதான். கனமான பகுதி முடிந்தது. "தாங்கள்" என்பதையும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், உங்களை அப்படி அழைத்து எனக்குப் பழக்கமில்லை, மதிப்புக்குரிய பெண்ணை இங்கே எல்லோரும் அழைக்கும் 'லல்லா' போதும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மேட்டுநிலத்தில் பணியாற்றினீர்கள். இங்கே வருகிற ஆசிரியர் எவரும் இங்கே இருக்க வருவதில்லை. பேருந்தைவிட்டு இறங்கும்போதே திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறவர்கள் நாங்கள். குளிரில் மை உறையும், கோடையில் புழுதி தேநீர்க் கோப்பைக்குள் வந்து உட்காரும், மாலை ஐந்துக்குக் கடைவீதி அடங்கிவிடும். இங்கிருந்து வெளியேற எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான். மாகாணத் தலைநகரில் நடக்கும் நேர்காணலில் தேறி, வேறோர் ஊரில் தலைமையாசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆகிவிட வேண்டும். அந்த வழியைத் திறந்துவிட்டவர் நீங்கள்.

மாலை மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் ஆறாம் வகுப்பறையில் மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகளைப் போடுவீர்கள். எதிரே ஒன்று, தேர்வருக்கு. குழுவில் மூன்று பேர், ஆனால் உங்களிடம் இருந்தது நீங்கள் ஒருவர்தான். ஆகவே நீங்களே மாறி மாறி அமர்ந்தீர்கள். இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் கைப்பேசியை நோண்டிக்கொண்டு பேச்சையே கேட்காத ஆய்வாளர். வலப்பக்கம் போனால் வாயைப் பிடுங்கி மாட்டிவிடப் பார்க்கும் அதிகாரி. நடுநாற்காலிக்கு வந்தால் சிரித்த முகமும் தேன் குரலுமாக ஒரு பெரிய மனிதர். "இவர்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். இவர் சிரிக்கச் சிரிக்க நீ உளறுவே" என்று எச்சரித்துவிட்டு அந்தச் சிரிப்பையே சிரிப்பீர்கள். லல்லா நாற்காலிகளோடு பேசுகிறார் என்று ஊரில் கேலி பேசினார்கள். அந்தக் கேலி உங்கள் காதுக்கும் வந்தது. "பேசட்டும், அந்த நாற்காலிங்க இங்க பாதிப்பேரைவிட நல்லா கவனிக்குது" என்றீர்கள்.

இன்று நகரத்தின் பெரிய பள்ளியில் கோட்டும் டையுமாக வலம்வரும் புஷ்தாவின் முதல் ஒத்திகையை மறக்க முடியுமா? ஏன் தலைமையாசிரியர் ஆக விரும்புகிறீர்கள் என்று நடுநாற்காலி கேட்டதும், "வுஜ்தா நகரத்துல வீடு கட்டிட்டேன் லல்லா, வாடகைக்கு விட மனசில்ல" என்றார் அந்தப் புண்ணியவான். நீங்கள் எழுந்துபோய் சன்னலைத் திறந்து, மலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தீர்கள். "நேர்மையான பதில்தான். ஆனா அதைக் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. மறுபடி உள்ள வா, கதவுலேருந்து ஆரம்பி."

எத்தனை பேரை எத்தனை முறை கதவிலிருந்து ஆரம்பிக்க வைத்தீர்கள்! பதில் முடிந்ததும் வாயை மூடு என்றீர்கள். எதிரே இருப்பவர் பேசாமல் பார்த்தால் அந்த மௌனத்தை நிரப்ப ஓடாதே, அதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள் என்றீர்கள். உங்களுக்கு எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று குழு கடைசியில் கேட்கும், "ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிடாதே, கேட்க ஒன்றும் இல்லாதவர் அந்தப் பள்ளியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று பொருள் என்றீர்கள். தலைமைப் பதவிக்குப் போகிறவர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி. நாளைக்கு நீயே குழுவில் உட்காரும்போது தெரிந்தவர் ஒருவர் உள்ளே வந்தால் என்ன செய்வாய்? ஆளாளுக்கு மழுப்பினார்கள். உங்களுக்கு வேண்டியிருந்த விடை ஒன்றே ஒன்று: "எழுந்து வெளியே போவேன்."

அப்படித் தயாராகிப் போனார்கள். புஷ்தா போனார், ஸுஹூர் போனார், மீலூது போனார், இன்னும் எத்தனையோ பேர். ஒவ்வொருவரும் தேறிய செய்தியோடு, நல்ல சேதிக்கு இங்கே வழக்கமான சர்க்கரைக் கூம்பை ஏந்தி உங்கள் குடியிருப்புக்கு வருவார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும். வண்டி திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நிற்பீர்கள். பிறகு தேநீர்க் குவளைகளை எடுத்து நீங்களே கழுவுவீர்கள். ஆட்களை அனுப்பி அனுப்பியே ஊரைக் காலி செய்தவர் நீங்கள், அதில் தனியாக மிஞ்சியவரும் நீங்கள்தான். ஒரு பெருநாள் அன்று உங்கள் வீட்டுக்கு வந்த எனக்கு வெல்லம்போல் இனிக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "ஜெல்லூல், இந்த ஊர்ல என்னை யம்னான்னு பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு மிச்சமில்ல. எல்லாருக்கும் நான் லல்லா ஆயிட்டேன்." குவளையை நீட்டினேன், இன்னொரு தடவை ஊற்றினீர்கள்.

இனி அந்தப் பெயர்ப்பலகை. பழைய தலைமையாசிரியர் போனதிலிருந்து அறைக்கதவில் உங்கள் பெயரும் அதன்கீழ் "பொறுப்பு" என்ற சொல்லும் தொங்குகின்றன. வேலை முழுதும் உங்களுடையது, பதவி உங்களுடையது இல்லை. அந்தப் பதவிக்கு அழைப்பு வந்தபோது நீங்கள் விண்ணப்பித்தீர்கள். எங்களுக்கே வியப்பு. "பலகைக்காக இல்ல. இத்தனை வருஷமா மூணு நாற்காலியிலயும் நானே உக்காந்து எல்லாரையும் கேட்டுட்டேன். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் உக்காரணும். வேற யாராவது என்னைக் கேக்கணும், நான் சொல்றதைக் கேக்கணும்" என்றீர்கள். இவ்வளவுதான் உங்கள் ஆசை.

ஒத்திகைக்கு நாங்கள் குழுவாக அமர்கிறோம் என்று இத்தோ சொன்னார். மறுத்துவிட்டீர்கள். "நீங்க மூணு பேரும் நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே தலையாட்டுவீங்க. உங்க முன்னாடி உக்காந்து என்ன பிரயோசனம்?" அதன்பின் மாலைகளில் ஆறாம் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வெளியே எங்களுக்குக் கேட்டது நாற்காலி இழுபடும் ஓசைதான். நடுவில் அமர்ந்து கேட்டுவிட்டு, மேசையைச் சுற்றிவந்து எதிரே அமர்ந்து பதில் சொல்லிவிட்டு, மறுபடி சுற்றிப் போய் இன்னொரு நாற்காலி. அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

நேர்காணல் நாளில் தலைநகரின் அந்த அறைக்குள் நடந்ததை நீங்கள் எவரிடமும் சொல்லவில்லை. ஸுஹூர் ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொல்லி அழுதார். இதை இன்று சபையில் வாசிப்பதற்கு நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் மடல் முடிந்த பிறகு.

தேர்வர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எண் மட்டுமே. உங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கதவைத் தட்டி, அளவாகத் திறந்து, ஓசையில்லாமல் சாத்தி உள்ளே வந்தீர்கள். மேசைக்குப் பின்னால் ஸுஹூர், புஷ்தா, மீலூது! மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்கள் அமர்ந்தீர்கள். முதலில் ஸுஹூர் எழுந்தார். "இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க. நான் உக்காரக் கூடாது." மீலூது எழுந்தார். "எனக்கும்தான்." புஷ்தாவும் எழுந்துவிட்டார். நீங்கள் கற்பித்த பாடத்தை உங்கள் கண்ணெதிரே எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு மூவரும் வெளியேறினார்கள். "கொஞ்சம் இருங்கம்மா, வேற ஆளு இருக்காங்களான்னு பாக்குறேன்" என்று எழுத்தர் ஓடினார். அந்தக் கட்டடத்தில் உங்களை அறியாத அதிகாரி ஒருவரைத் தேடி மாடி மாடியாக ஏறி இறங்கினாராம். கிடைக்கவில்லை.

நடைவழியில் சுவரோடு சுவராக நின்ற மூவருக்கும் உள்ளேயிருந்து உங்கள் குரல் கேட்டது. காலியான மூன்று நாற்காலிகளுக்கும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அயின் தர்ஃபா பள்ளியை எப்படி நடத்துவேன், பனிக்காலத்தில் பிள்ளைகள் நின்றுவிடாமல் இருக்க என்ன செய்வேன், வருகிற ஆசிரியர்கள் ஓராண்டாவது மனம் ஒட்டித் தங்க என்ன வழி என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், முழுவதும். புஷ்தா கதவுப்பிடியில் கைவைத்தார், ஸுஹூர் தடுத்துவிட்டார். மூவரும் நீங்கள் கற்பித்தபடி வெளியிலேயே நின்றார்கள். வெளியே வந்த நீங்கள் அவர்களைப் பார்த்து, "நல்லா எழுந்தீங்க. நாற்காலிச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்" என்றீர்களாம். பிறகு பகிர்வு டாக்சி பிடித்துத் தனியாகத் திரும்பினீர்கள். எப்படி நடந்தது என்று கேட்டோம். "அறை நல்லா வெதுவெதுப்பா இருந்துச்சு" என்றீர்கள்.

வேறு தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தத் தேதி வரவில்லை. அடுத்த ஆண்டு நீங்கள் வயது வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். "பொறுப்பு" அப்படியே நின்றது, நீங்களும் நின்றீர்கள்.

இன்று முன்வரிசை இருக்கைகளை நீங்கள் அனுப்பிவைத்த தலைமையாசிரியர்களுக்கென்றே துணி விரித்து வைத்தோம். ஒருவரும் வரவில்லை. நன்றிகெட்டவர்கள் இல்லை, லல்லா. இன்று தேர்வு நாள், தேர்வு நாளில் தலைமையாசிரியர் தன் பள்ளியைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்களே. காலையிலிருந்து என் கைப்பேசியில் அவர்களுடைய குரல்பதிவுகள் அழுகையாக வந்து குவிகின்றன. மாலையில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டுகிறேன்.

எங்கள் பெருந்தகையே! ரொட்டிக்கடை மாடியில் நீங்கள் பிடித்திருக்கும் புது அறையில் உடல்நலம் குன்றாமல், மூட்டுவலி அண்டாமல், அடுப்புச் சூடும் ஆட்கள் வரவும் குறையாமல் நெடுங்காலம் வாழ்க! படியேறி வரும் காலடிகள் அந்த மாடிக்கு என்றும் இருக்கட்டும்! இறைவன் உங்கள் நாள்களை நீட்டித் தரட்டும்!

சட்டத்துக்குள் போகும் பகுதி இங்கே முடிகிறது. இனி எதிரே பாருங்கள். ஆறாம் வகுப்பின் மூன்று நாற்காலிகளையும் மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இடப்பக்கம் கத்தூர், வலப்பக்கம் இத்தோ, இந்தத் தாளைக் கீழே வைத்ததும் நடுவில் நான். எங்களுக்கு உங்களை நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுந்து போகமாட்டோம். தலையும் ஆட்டமாட்டோம், கத்தூரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உங்கள் பதில்களையெல்லாம் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டீர்கள். அந்த அறையில் யாரும் உங்களிடம் கேட்காமல் போன கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்கிறோம். பிறகு நீங்கள் பழக்கியபடியே வாயை மூடிக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம்.

உங்களுக்கு எங்ககிட்ட கேக்கணும்னு ஏதாவது இருக்கா, யம்னா?

பதிலுக்காக அமர்ந்திருக்கும்,
ஜெல்லூல், இத்தோ, கத்தூர்
ஆசிரியர்கள், அயின் தர்ஃபா பள்ளி