நூர்ஜான் வீட்டுக்குப் போன சோப்பு

செரை வாசம் பிடிக்காது என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எலுமிச்சைப் புல்லை இங்கே பினாங்கில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் முதன்முதலில் செய்த சோப்பில் போட்டதும் அதுதான். வேலை முடிந்து வந்து, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கும்போது, பகல் முழுக்கத் தலைக்குள் ஓடிய இயந்திரச் சத்தம் மெல்ல அடங்கும். விற்பதற்கென்று நான் செய்யவில்லை. தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி இன்ஸ்பெக்டர். மலாயில் சொன்னால் சில விஷயங்கள் இருப்பதைவிட முரட்டுத்தனமாகக் கேட்கும்.

என் பெயர் ஜெகதீஸ்வரி. பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடும் சர்க்யூட் பலகையை நான் இன்னொரு முறை பார்ப்பேன். அது பழகிப்போய்விட்டது.

இதை வியாபாரமாக்கலாம் என்றது காமினி. என் தம்பி தனேஷின் மனைவி. இரண்டு பேரும் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கிறார்கள்.

“அண்ணி, இவ்ளோ நல்லா செய்றீங்க, சும்மா ஃபேக்டரி ஆளுங்களுக்குத் தூக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்களே. நா போன்ல படம் போட்டு வித்துத் தரேன்லா. நீங்க செய்ங்க, மத்தத நா பாத்துக்கறேன்.”

மற்றதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்தது. டத்தோ கிராமாட்டில் இருக்கும் நூர்ஜான் அக்கா, நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர் வீட்டம்மா, மாதம் தவறாமல் வாங்கினார்.

பிறகு காமினி, தானும் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். “ஷிப்ட் முடிஞ்சு களைச்சுப்போய் வர்றீங்க. எனக்கும் தெரிஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும்ல.” அதை நான் அப்படியே நம்பினேன். எண்ணெய் எவ்வளவு, காஸ்டிக் சோடா எவ்வளவு, எந்தச் சூட்டில் கலப்பது என்று வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன். சோடாவின் காரம் கூடினால் தோலைச் சுட்டுவிடும் என்பதையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அளவுக்கு மீறிய கவனம்.

அதன்பின் நான் பார்க்கத் தொடங்கினேன். நான் உள்ளே வந்தால் போனைக் குப்புற வைப்பாள். நான் இல்லாத நாளில் கழுவி வைத்த அச்சுகளில் ஈரம் இருக்கும். வீட்டுச் சாவியை நான்தான் கொடுத்திருந்தேன் என்றாலும், கொடுத்த சாவியை அவள் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தினாள் என்பதைக் கவனிக்க வேண்டும். புது லேபிள் அச்சடித்து வந்தாள். ‘ஜெகா – காமினி’ என்று இருந்தது. என் பெயர் முதலில்தான் இருந்தது. அது வெறும் கண்துடைப்பு.

ஒருநாள் நூர்ஜான் அக்கா போனில் பேசினார். “அடுத்த மாசம் பேரப்புள்ளைக்குப் பேர் வைக்கிறோம்மா. சின்னப் புள்ளைக்கு ஏத்த மாதிரி சோப்பு வேணும். ஒங்க காமினி தன் கையாலயே செஞ்சு தரேன்னுச்சு. ரொம்பப் பாசமான புள்ள.”

வாழ்த்துச் சொல்லி போனை வைத்தேன். பின்னறை அலமாரியில் காமினி செய்த சோப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. வாசனை போடாதவை, பால் நிறம். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளிம்பைத் தடவினேன். குறை கண்டுபிடிப்பது என் தொழில். அதில் ஒன்றும் இல்லை. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் திட்டம் எனக்கு விளங்கிவிட்டது. முதலில் நூர்ஜான் அக்கா, பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் நான் எதற்கு? தனேஷிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “என்னக்கா நீ, அவ உன்னயப் பத்தித்தான் எந்நேரமும் பேசிக்கிட்டு இருக்கா” என்றான். என்னைப் பற்றி என்னதான் பேசுகிறாள் என்று அவன் சொல்லவில்லை.

நானும் அதே அச்சில், அதே பால் நிறத்தில் கொஞ்சம் செய்தேன். என் படுக்கையறை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். சோப்பு காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த நாள்கள் முழுவதும் மனதை மாற்றிக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன்.

காமினிக்கு ஒரு பாடம் புகட்ட நினைத்தேன், அவ்வளவுதான். அவள் கையில் கொஞ்சம் எரிந்தால், இது எல்லோருக்கும் வருகிற வேலையில்லை என்று புரிந்துகொள்வாள். தனேஷிடம் இப்படித்தான் சொல்லவிருந்தேன். ஆனால் உங்களிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பொதி கட்டும் நாளில் அவள் தன் சோப்பை என் எதிரிலேயே கையில் குழைத்துப் பார்த்தாள். “நல்லாருக்குல்ல அண்ணி?” என்றாள். நல்லாயிருக்கு என்றேன். பிறகு ரிப்பன் வாங்கச் சந்தைக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் மாற்றினேன். முன்பே மாற்றியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அவள் திரும்புவதற்குள் சுற்றி முடித்து லேபிளையும் ஒட்டிவிட்டேன். பச்சிளம் குழந்தைகளுக்கு என்று லேபிளில் எழுதியிருந்தது. நான் படித்தேன்.

குளிப்பாட்டும்போதே குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. நுரை கண்ணுக்குள்ளும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். நூர்ஜான் அக்காவுக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வலது கண்ணில் பார்வை மிஞ்சுமா என்று டாக்டர்களுக்கு இன்னும் சொல்ல முடியவில்லை.

காமினி ஆஸ்பத்திரி நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நா கையில போட்டுப் பாத்தேனே அண்ணி. ஒண்ணும் ஆகலயே. நீங்களும் பாத்தீங்கள்ல?”

“நீ ஒழுங்கா பாத்திருக்க மாட்ட” என்றேன்.

அவள் அதை நம்பினாள். விசாரணையில் உங்களிடமும் அதையேதான் சொன்னாள். நான் குறுக்கிடவில்லை. நேற்று வரை எனக்கு இங்கே வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நேற்று தனேஷ் வந்தான். முகம் பார்த்துப் பேசவே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. “வக்கீல் ஒரு வழி சொல்றாரு அக்கா. காமினி நீ சொன்ன அளவத்தான் போட்டான்னும், நீ சொல்லிக்குடுத்த அளவே தப்புன்னு சொல்லிடலாமாம். வீட்ல கத்துக்கிட்டது, சரியா தெரியாதுன்னு நீயும் ஒரு வார்த்த சொல்லிடு. உனக்கும் ஒண்ணும் ஆகாது, அவளும் தப்பிச்சுக்குவா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். காலையில் தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்ததாக நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் காமினிக்குச் சொல்லிக்கொடுத்த அளவு சரியான அளவு. அவள் செய்த சோப்பு இன்னும் என் படுக்கையறையில்தான் இருக்கிறது, எடுத்துச் சோதித்துப் பாருங்கள். எனக்கு அளவு தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நூர்ஜான் வீட்டுக்குப் போன சோப்பு எப்படி வர வேண்டும் என்று நினைத்தேனோ, அப்படியே வந்தது.