டைகர் உயிரோட இருக்கணும்

– கதவ இன்னும் கொஞ்சம் தொறயேன்க்கா. நாயி தலை மட்டும் தெரிஞ்சா பத்தாது, முழுசா பார்த்துட்டு வரணும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு.

– அதான் பார்த்துட்ட இல்ல, உண்ணாமலை. நல்லாத்தான் படுத்திருக்குது. காலைல தண்ணி கூட குடிச்சுது.

– நீ சொன்னா ஆச்சா? என் கண்ணால பார்க்கணும். டேய் டைகரு, ஏந்திரு. தோ பாரு கஸ்தூரிக்கா, வாலாட்டுது. கடிச்ச கடிக்கு இப்ப வாலு வேற ஆட்டுது, வெக்கங்கெட்டது.

– கிட்ட போவாத.

– கட்டித்தானே கீது. இத மொதல்லயே கட்டியிருந்தா நான் எதுக்கு வயித்துல இத்தினி ஊசி குத்திக்கிறேன்? மல்லாட்டை மண்டில கடலை மூட்டைக்குக் காவல்னு வாங்கினு வந்து, பகல்லயே தெருவுல அவுத்து வுட்டுட்டாரு உன் வூட்டுக்காரரு. கோயிலுக்கு வர்ற ஜனமெல்லாம் செவுத்த ஒட்டிக்கினு போவுது.

– நானும் சொல்லிப் பார்த்தேன். அவரு காதுல வாங்கணுமே.

– அன்னைக்குக் கொடியேத்தம் பார்த்துட்டுத் தெரு முழுக்க ஜனம். நான் தயிர்க்கூடைய தலைல வெச்சுனு வரேன். இது குறுக்க வந்து நிக்குது. அவரு மண்டி வாசல்ல நின்னுனு, "ஒன்னும் பண்ணாதும்மா, நீ பாட்டுக்குப் போ"ங்கறாரு. பெரிய மனுஷன் சொல்றாரேனு நானும் என் பாட்டுக்குப் போனேன்.

– எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு.

– கடிச்சப்புறமும் அதத்தானேக்கா சொன்னாரு. கெண்டைக்கால்ல பல்லு எறங்கி ரத்தம் ஒழுவுது, தயிரு பூரா ரோட்டுல கீது, "பயந்துட்டியா, அது விளையாடுது"ங்கறாரு. இன்னா விளையாட்டோ.

– வலி ரொம்பவா?

– எது? கடியா, ஊசியா?

– ஊசிதான்.

– அத ஏன் கேக்கற. தொப்புள சுத்தி குத்துறாங்க, தெனம் ஒரு எடம். குத்துன எடமெல்லாம் கட்டிக்கினு கீது. குனிஞ்சு கூடைய தூக்க முடியல. எம் பொண்ணு பொன்னி தூக்கத்துல கால மேல போட்டான்னா உசுரு போயிட்டு வருது.

– பொம்பளைங்களுக்குத் தனி எடம் இருக்குதா?

– ஒரு துணி கட்டி மறைச்சு வெச்சுக்கிறாங்க. நர்சம்மா தங்கமானவங்க. ஊசிய வெச்சுனே ஊர்க்கதை பேசுவாங்க, நாம அத கேக்கறதுக்குள்ள குத்திடுவாங்க. ஏன்க்கா?

– சும்மாத்தான். போன உடனே என்னல்லாம் கேப்பாங்க?

– யாரு வூட்டு நாயி, கட்டி வெச்சிருக்காங்களா, சோறு திங்குதா. அவ்ளோதான். பத்து நாளு நாய விடாம பாரு, நல்லா இருந்துச்சுனா ஊசிய நிறுத்திக்கலாம், செத்துப்போச்சுனா பதினாலும் குத்திக்கணும், நடுவுல வுடக் கூடாதுனு மொத நாளே டாக்டரு சொல்லிட்டாரு. கொடி ஏறுன அன்னைக்குக் கடிச்சுது. இன்னைக்கு தீபம், பத்தாம் நாளு. எனக்கு நாளு எண்ற வேலையே இல்ல, அண்ணாமலையாரே எண்ணிக்கினாரு.

– ம்.

– இன்னொரு கூத்து சொல்றேன் கேளு. ரெண்டாந் திருவிழா அன்னைக்கு எங்க தெரு ஆளுங்க தடிய எடுத்துனு கெளம்பிட்டாங்க, உங்க நாய அடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுவேலைனு. நான் குறுக்க போயி நின்னுக்கினேன். அது செத்தா எனக்குத்தான்யா ஊசி, அதும்மேல கைய வெக்காதீங்கனு கெஞ்சினேன். என்ன கடிச்ச நாய்க்கு நானே காவல். எங்கனா உண்டா இது?

– எனக்குத் தெரியாது இது.

– உனக்கு யாரு சொல்லப் போறாங்க. அன்னையிலேர்ந்து கோயில்ல போயி எனக்காக வேண்டிக்கல, இதுக்காக வேண்டிக்கினேன். சாமி, டைகரு உயிரோட இருக்கணும்னு. சிரிக்காதக்கா.

– சிரிக்கல.

– எங்க ஊர்ல சுப்பன்னு ஒருத்தன். தெருநாய் கடிச்சுது. மந்திரிச்சுக்கினு வந்து, ஆறிப்போச்சுனு சுத்தினு இருந்தான். நெல்லு அறுப்புக்கெல்லாம் வந்தான். அப்புறம் ஒரு நாளு அவன் பொண்டாட்டி எல்லம்மா சொம்புல தண்ணி குடுத்தா. அத பார்த்தே அலறுனான்க்கா. தாகம் தாங்கல, ஆனா தண்ணி எறங்கல. கட்டில்ல கட்டிப் போட்டாங்க. பெத்த புள்ளைங்கள கிட்ட வுடல. எனக்கு சாவறதுக்கு பயம் இல்ல. அப்படி சாவறதுக்குத்தான் பயம்.

– கடிச்சு எவ்ளோ நாள் கழிச்சு?

– மாசக்கணக்குல ஆச்சு. நல்லாத்தானே இருக்கேன்னு நெனைச்சுக்கினு இருந்தான், பாவம். அட, உன் மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? சாப்புட்டியா இல்லையா?

– விரதம். தீபம் பார்த்துட்டுத்தான் சாப்பாடு.

– நானும்தான். எனக்கு இன்னைக்கு டபுள் விரதம், ஊசியும் இல்ல. நர்சம்மாகிட்ட சொல்லி அனுப்பிட்டு, நேரா மலை சுத்துற ரோட்டுல மோரு விக்கப் போறேன். எத்தினி ஜனம் வந்துக்கீது தெரியுமா. சாயந்திரம் புள்ளைங்கள கூட்டினு போயி ஒக்காந்து தீபம் பார்ப்பேன். வயித்துல கைய வெச்சு, அப்பாடானு மூச்சு வுடுவேன்.

– இன்னைக்கும் போயி ஊசி போட்டுக்கயேன்.

– எதுக்கு? நாயிதான் குத்துக்கல்லாட்டம் கீதே.

– அதில்ல. மிச்சம் அஞ்சுதானே. போட்டுட்டா மனசுக்கு நிம்மதி.

– உனக்கென்னக்கா, அஞ்சுதானேனு சொல்லுவ. உன் வயித்துலயா குத்துறாங்க?

– உண்ணாமலை.

– கோச்சுக்காத, சும்மா சொன்னேன். நீ தெனம் கதவ தொறந்து காட்டுனியே, அதுவே பெருசு. நடுவுல ஒரு நாள்தான் ஒறமொறை வந்துக்கிறாங்க, உள்ள வராதன்னுட்ட. வேற வூடா இருந்தா நாய எங்கனா கொண்டு போயி வுட்டுட்டு, எங்க நாயே இல்லன்னு சொல்லியிருப்பாங்க. சரி, நான் கெளம்பறேன். இனிமேனாச்சும் இத கட்டி வையி. டேய், வரேன்டா.

– ஊசிய நிறுத்தாத.

– மறுபடியும் அதே பேச்சு.

– நிறுத்தாத உண்ணாமலை. அது டைகர் இல்ல.

– இன்னா?

– டைகர் செத்துப் போச்சு. மூணாந் திருவிழா அன்னைக்கே. ஒறமொறை யாரும் வரல அன்னைக்கு. வாயெல்லாம் நுரை, சங்கிலிய கடிக்குது, தண்ணிய வெச்சா ஒதுங்கி ஒதுங்கிப் போவுது. சாக்கு மூட்டைக்கு நடுவுல கெடந்து போயிடுச்சு.

– அப்ப இது?

– கீழ்பென்னாத்தூர்ல அவரு தம்பி தசரதன் வீட்டு நாய். ரெண்டும் ஒரே ஈத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மறுநாளு வேன்ல ஏத்தினு வந்துட்டாரு.

– அதான் வாலாட்டுச்சா.

– எவனோ மருந்து வெச்சுட்டான், என் நாய்க்கு வெறி இல்லன்னு அவரு சாதிக்கிறாரு. உள்ளுக்குள்ள பயம். திருவிழா ஜனத்துல இன்னும் யார யார கடிச்சு வெச்சுதோ, தெரிஞ்சா மண்டிய ஒடைச்சுடுவாங்கன்னு பயம். உண்ணாமலை கண்ணுல ஒரு நாயக் காட்டு, அவளே ஊருக்குச் சொல்லிடுவா நல்லா இருக்குதுன்னு, அப்படின்னாரு.

– நானும் சொன்னேனேக்கா. போற வர்ற எடமெல்லாம் சொன்னேன். தெனம் இதுக்குப் பொறை ரொட்டி வாங்கினு வந்து போட்டேன்.

– தெரியும்.

– தெரிஞ்சும் தெனம் கதவ தொறந்து காட்டுன. என் மூஞ்சிய பார்த்துனே காட்டுன. இன்னைக்கு நான் மோரு விக்கப் போயிருந்தா, எம் பொண்ணு நாளைக்கு எனக்கு சொம்புல தண்ணி குடுத்திருப்பா. உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?

– வரல. அதான் இப்ப சொல்றேன்.

– கைய வுடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஊசிய போட்டுக்கினு அங்கியே டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிடுவேன். போலீஸ்லயும் சொல்லுவேன். உன் புருஷன் பரசுராமன் பேர சொல்லி தெருத்தெருவா சொல்லுவேன். கடிபட்டவங்க இன்னும் எங்க எங்க கீறாங்களோ, அவங்களுக்கெல்லாம் தெரியணும்.

– சொல்லு.

– வேணாம்னு கெஞ்ச மாட்டியா?

– மாட்டேன். கொஞ்சம் நில்லு, கதவ பூட்டினு வந்துடறேன்.

– நீ எதுக்கு வர? வழி பூரா அழுது என் வாய அடைக்கவா?

– இல்ல உண்ணாமலை. கொடி ஏர்றதுக்கு முந்தின நாளு, சோறு வெக்கப் போன என்னத்தான் அது மொதல்ல கடிச்சுது. வளர்த்தவங்களுக்கு விஷம் ஏறாதுன்னு மஞ்சள வெச்சுக் கட்டிட்டாரு. எனக்கு இன்னும் ஒரு ஊசிகூட போடல.